மணக்காத சரக்கு

கடிதம் வந்த அன்று மழை மூன்றாவது நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. கொட்டித் தீர்க்கவும் இல்லை, வெறிக்கவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த காலி டிரம்களை அவள் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பு உயரத்துக்கு நீல டிரம்கள். அடிவரை தேய்க்க வேண்டுமென்றால் பாதி உடம்பை உள்ளே நுழைத்தாக வேண்டும். அப்படி அவள் நுழைந்திருந்த நேரத்தில்தான் தபால்காரரின் குரல் கேட்டது.

"லேபிளம்மா! எங்க, டிரம்முக்குள்ளயே குடித்தனம் வச்சிட்டீங்களா? வந்து ஒரு கையெழுத்துப் போடுங்க. சர்க்கார் தபால்."

லேபிளம்மா என்பது தெரு வைத்த பெயர். முத்து முத்தான கையெழுத்து அவளுக்கு. கல்யாணமாகி வந்த புதிதில், புருஷன் காய்ச்சிய பினாயில் பாட்டில்களுக்கெல்லாம் அவள்தான் உட்கார்ந்து லேபிள் எழுதினாள். அவர் ஏற்கெனவே பினாயில்காரர். இவள் லேபிளம்மா ஆனாள். இரண்டு பேருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது.

ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள். முதல் தடவை படித்தபோது புரியவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது புரிந்தது. கவிழ்த்து வைத்த டிரம்மின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக் கிடங்கில் இருந்த மூன்று டிரம்களிலும் மாதிரி எடுத்துப் பார்த்தார்களாம். மூன்றிலும் தார் எண்ணெய் கலந்திருக்கிறதாம். ஒப்பந்தப்படி அது விலக்கப்பட்ட பொருள். ஏழு நாளைக்குள் நேரில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியில்லையென்றால் ஒப்பந்தம் ரத்து. அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு நகரசபைக்கு எதுவும் விற்க முடியாது.

தார் எண்ணெய்! அந்த வார்த்தையிலேயே அவளுக்குப் பழைய நெடி அடித்தது.

இருபத்திரண்டு வருஷம் அவர் காய்ச்சியது அதைத்தான். தார் எண்ணெயும் காஸ்டிக்கும் ரோசனப் பிசின் கட்டியும் போட்டு அண்டாவில் கிளறுவார். மூடியைத் திறந்தால் கண்ணில் மிளகாயைத் தேய்த்த மாதிரி இருக்கும். அந்த ஆவியைக் குடித்துக் குடித்து அவருடைய நெஞ்சு ஓட்டைத் துருத்தி ஆகிவிட்டது. நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். பேசும்போது பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்துபோகும். மீதியை இவள்தான் சொல்லி முடிப்பாள். டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்: "இன்னும் ரெண்டு வருஷம் இதையே காய்ச்சினீங்கன்னா, அப்புறம் என்கிட்ட வந்தும் பிரயோஜனம் இல்லை."

ஆனால் விட்டால் சோறு? கடைக்காரர்களுக்கு மூக்கைத் துளைக்கிற சரக்குதான் வேண்டும். மணக்காத பினாயிலை ஒருத்தரும் வாங்க மாட்டார்கள்.

அப்போதுதான் நகரசபை அந்தப் புது விதியைப் போட்டது. ஆஸ்பத்திரிச் சாக்கடை போய்ச் சேர்கிற ஏரியில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்த பிறகு வந்த விதி. நகரசபை எதை வாங்கினாலும், காகிதமோ பல்போ தரை துடைக்கிற தண்ணீரோ, அது மண்ணையும் நீரையும் கெடுக்கக் கூடாது. செய்கிறவர்கள் உடம்பையும் கெடுக்கக் கூடாது. கொள்முதல் அதிகாரி ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். அவளே கொட்டகைக்கு வந்து, அண்டாவை எட்டிப் பார்த்து, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதை நிறுத்திட்டு செடி எண்ணெய் சோப்புக் கரைசல் செய்ய முடியுமா? ஆபரேஷன் ரூமுக்கு வேற மருந்து இருக்கு. வார்டுத் தரைக்கு இது போதும். வாசனை, சாயம் எதுவும் போடக் கூடாது. டிரம் திரும்பத் திரும்ப வரும், நீங்க நிரப்பித் தரணும். பிளாஸ்டிக் சீல் கூட வேண்டாம். மாசா மாசம் அது வேற குப்பை."

செய்தார்கள். பதினெட்டு மாதமாக ஆஸ்பத்திரிக்குப் போவது அதுதான். கலக்கும்போது கொட்டகையில் எண்ணெய் தேய்த்துக் குளித்த மாதிரி ஒரு மெல்லிய வாடை, அவ்வளவுதான். அவருடைய மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. போன மாதம் தகரத்தில் ஒழுகுகிற இடத்தை அடைக்க ஏணியில் ஏறி, இறங்கி வந்து, இவள் வாயைப் பிளந்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னடி அப்படிப் பாக்குற?"

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவை ஏறுங்களேன்."

நாற்பத்தாறு வயதில் அவர் மறுபடியும் ஏறிக் காட்டினார், மூச்சு வாங்காமல்.

கடிதத்தை மடித்துக்கொண்டு அவள் கொட்டகை மூலைக்குப் போனாள். பழைய கறுப்புப் பினாயில் முக்கால் டிரம் அங்கே மீந்து கிடந்தது. சாக்கடையில் ஊற்றக் கூடாது, நகரசபை வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார்கள். வண்டி வரவே இல்லை. மூடியைத் திறந்தாள். முக்கால் அளவு அரை அளவாகியிருந்தது.

மத்தியானம் அவர் வந்ததும் கடிதத்தை நீட்டினாள். படிக்கப் படிக்க அவர் முகம் சுண்டியது.

"பொய். சத்தியமாப் பொய். என் கொட்டகையில எவன் தார் எண்ணெயத் தொட்டான்?"

"மூலையில இருக்கறது ஒரு சாண் குறைஞ்சிருக்கு. பாத்தேன்."

"அதுக்கு? நான் ஊத்தினேங்கறியா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"உன் மூஞ்சி சொல்லுது. ஏன், நீ ஊத்தியிருக்க மாட்டியா? அன்னிக்குக் கடைக்காரன் 'என்னம்மா உங்க சரக்கு கழுவின தண்ணி மாதிரி இருக்கு'ன்னு சொன்னப்ப உனக்குத்தானே சுருக்குனு வந்துச்சு?"

"ஆமா. ஊத்தி ஊத்தி உங்களைத் தூக்கிட்டுப் போற நாளைச் சீக்கிரம் வரவழைக்கலாம்னு பாத்தேன்." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். கீரை ஆறிப்போனது. கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் பெரியக்கா வேலை முடிந்து வந்தாள். அவருக்கு மூத்தவள், இதே வீட்டில்தான் இருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் முப்பத்தோரு வருஷமாகத் தரை துடைக்கிறாள். இப்போது துடைக்கிறவர்களுக்கெல்லாம் தலைவி. கிடங்குச் சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரைக்கும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் நாலு மாதம். அதற்குப் பிறகு பென்ஷன். கட்டியவன் விட்டுப் போன பிறகு தம்பியை ஆளாக்கியதும், முதல் அண்டா வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டத் தேவையும் இருந்ததில்லை.

குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள்.

"என்னடா, எழவு விழுந்த வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?"

அவர் கடிதத்தைப் படித்துக் காட்டினார். பெரியக்கா ரப்பர் செருப்பைக் கழற்றக் குனிந்தவள், குனிந்தபடியே நின்றுவிட்டாள்.

"தார் எண்ணெய்னா... நம்ம பழைய பினாயிலா?"

"அதேதான்."

"அது தப்பா?"

லேபிளம்மாவுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. "என்னக்கா இப்படிக் கேக்குற? அது இல்லாம செய்யறதுக்குத்தானே ஆர்டரே!" என்றார்.

பெரியக்கா தரையில் உட்கார்ந்தாள். முழங்காலைக் கையால் தாங்கித் தாங்கி உட்கார வேண்டியிருந்தது.

"நான்தான்டா ஊத்தினேன்."

"என்னது?"

"திட்டாத. முழுசாக் கேளு. உன் சரக்கு வந்த நாள்லேர்ந்து அந்த ஹெட் நர்ஸ் என்னைப் பாடாப் படுத்துறா. வார்டுக்குள்ள வந்ததும் மூக்கை ஒரு இழுப்பு இழுப்பா. 'பெரியக்கா, துடைச்சாச்சா, இல்ல தண்ணியத் தெளிச்சுட்டுப் போயிட்டீங்களா? ஒரு வாசனையும் காணோமே'ம்பா. துடைச்சேன்மான்னா நம்ப மாட்டா. மறுபடி துடைன்னுவா. ஒரே தரையை ஒரு நாளைக்கு மூணு தடவை! இந்த முட்டியை வச்சுக்கிட்டு. சரி, என்னை விடு. சின்னப் பொண்ணுங்க நாலு பேர் என் கீழ வேலை செய்யுதுங்க, அதுங்களுக்கும் அதே பாட்டு. பாக்க வர்ற சனங்களும் அதேதான். 'என்ன ஆஸ்பத்திரி இது, ஆஸ்பத்திரி மாதிரியே மணக்கலையே'ன்னு சொல்லுதுங்க."

"அதுக்கு?"

"அதுக்கு என்னடா அதுக்கு? ஒரு நாள் அவ சொல்றா, 'உங்க தம்பி தண்ணிய வித்து சர்க்காரை ஏமாத்துறாரு'ன்னு. என் காதால கேட்டேன். உடம்பெல்லாம் எரிஞ்சுது. மூலையில சும்மாதானே கிடக்குதுன்னு ஒரு பாட்டில்ல ஊத்தி, சோத்துப் பையில வச்சு எடுத்துட்டுப் போய் துடைக்கற வாளியில கலந்தேன். மறுநாள் அந்த அம்மா மூக்கை இழுத்துட்டு, 'ஆங், இப்பத்தான் சுத்தமா இருக்கு'ன்னா. அன்னிக்கு ஒரே தடவைதான் துடைச்சோம்."

"எத்தனை நாளாக்கா?"

"ரெண்டு மாசம். போன வாரம் சரக்கைப் பரிசோதிக்க ஆள் வராங்கன்னு சொன்னாங்க. உன் பேர் கெடக் கூடாதேன்னு..." அவள் குரல் இறங்கியது. "கிடங்குல இருந்த மூணு டிரம்லயுமே ரெண்டு ரெண்டு பாட்டில் ஊத்தினேன்."

அவர் சிரித்தார். அது சிரிப்பில் சேர்த்தியா என்று சொல்ல முடியாது. நல்லெண்ணத்தில் இவ்வளவு சுத்தமாக ஒருத்தரைக் கவிழ்க்க முடியும் என்று அவர் அதுவரை நினைத்திருக்கவில்லை.

"நாளைக்கே போய் நான் சொல்லிடறேன்" என்றாள் பெரியக்கா.

"வேண்டாம். சொன்னா உன்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. முப்பத்தோரு வருஷ பென்ஷன் தண்ணியில போயிடும். நான் சொல்லிக்கறேன், எங்க கொட்டகையிலதான் தப்பு நடந்துச்சுன்னு."

"டேய், ஆர்டர் போயிடுமேடா."

"போகட்டும். ஆர்டர் நேத்து வந்தது. நீ எப்ப வந்தவ? என் தலை மேல கை வச்சு சொல்லு, வாயைத் திறக்க மாட்டேன்னு."

பெரியக்கா மாட்டேன் என்றாள், அழுதாள், மூக்கைச் சிந்தினாள், கடைசியில் கையை வைத்தாள். கையை எடுத்தபோது அவள் முகத்தில் சட்டென்று ஒரு தளர்ச்சி வந்து போனதை லேபிளம்மா பார்த்தாள். பாரம் இறங்கிய முகம் அது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பார்த்ததைப் பார்க்காததாகவும் ஆக்க முடியவில்லை.

லேபிளம்மாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் காலையில் கொட்டகையில் சத்தம் கேட்டுப் போனாள். அவர் பழைய அண்டாவை உருட்டி எடுத்து, உள்ளே ஒட்டியிருந்த கறுப்புப் பிசினைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"கடைங்களுக்குத்தான் இனிமே. நாலு கடையில சொல்லி வச்சிருக்கேன். பழைய சரக்குன்னா எடுத்துக்கறேங்கறாங்க."

"டாக்டர் என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்கா?"

"டாக்டர் ஆயிரம் சொல்வாரு. துணியை மூக்குல கட்டிக்கிட்டுக் காய்ச்சினாப் போச்சு."

"அப்பவும் துணிதான் கட்டினீங்க."

"வேற வேலை எனக்கு என்னடி தெரியும்?" என்றார், நிமிராமலே. "கோட்டு மாட்டிக்கிட்டு பேங்குல போய் உக்காரவா?"

சுரண்டலில் எழும்பிய பழைய நெடிக்கே அவருக்கு இருமல் வந்தது. ஒன்று, இரண்டு, பிறகு தொடர்ந்து. அண்டா விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். அவள் ஓடிப்போய் முதுகைத் தடவினாள். சட்டைக்கு அடியில் விலா எலும்புகள் ஏறி இறங்குவது உள்ளங்கையில் தெரிந்தது. பதினெட்டு மாதமாக அவள் மறந்திருந்த அசைவு.

ஐந்தாம் நாள் இரண்டு பேரும் நகரசபைக்குப் போனார்கள். மாடியில் கடைசி அறை. மின்விசிறி சுற்றாமலே ஈரக்குளிர் அடித்தது. சுவரோரமாகக் கோப்புகள் ஆளுயரத்துக்கு இருந்தன. கொள்முதல் அதிகாரி நாற்காலியைக் காட்டினாள். அவள் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"உங்களைக் கூப்பிட்டுப் பேசறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. சின்னச் சின்ன ஆட்கள்கிட்ட வாங்கலாம், நம்பலாம்னு நான்தான் கமிட்டியில சண்டை போட்டேன். உங்க கொட்டகையைத்தான் உதாரணமாக் காட்டினேன். இப்ப எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிக்கறாங்க. பெரிய கம்பெனிக்கே குடுத்துடலாம்கறாங்க."

"மன்னிச்சுக்கோங்க மேடம்" என்றார் அவர்.

"மன்னிப்பு இருக்கட்டும். எனக்கு ஒண்ணுதான் தெரியணும். டிரம்முக்கு சீல் கிடையாது. அது நான் போட்ட விதி, என் தப்புன்னே வச்சுக்கலாம். அதனால எங்க கலந்ததுன்னு டெஸ்ட்ல தெரியாது. உங்க இடத்துல கலந்திருந்தா ஒப்பந்தம் ரத்து, மூணு வருஷத் தடை. ஆஸ்பத்திரியில கலந்திருந்தா உங்க மேல எதுவும் இல்லை, ஆர்டர் தொடரும். ஆனா யார் கலந்தாங்கன்னு எழுதிக் குடுக்கணும். அவங்க மேல ஆஸ்பத்திரி நடவடிக்கை எடுக்கும்."

அவர் தயாராக வைத்திருந்ததைச் சொன்னார். "எங்க கொட்டகையிலதான் மேடம். மீந்த சரக்கு. கை தவறிடுச்சு."

"மூணு டிரம்லயும் கை தவறிடுச்சா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி ஒரு தாளை எடுத்து, பேனாவோடு சேர்த்து அவர் பக்கம் தள்ளினாள். "அப்ப அதையே எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். எழுத்து வேலை எப்போதும் மனைவியுடையது. அதனால் பழக்கத்தில் தாளை அவள் பக்கம் நகர்த்தி, பேனாவையும் நீட்டினார். "நீ எழுது. நான் கையெழுத்துப் போடறேன்."

அவள் பேனாவை வாங்கினாள். தேதி எழுதினாள். 'அனுப்புநர்' என்று எழுதினாள். அதற்கு மேல் கை ஓடவில்லை. மாடிப்படி ஏறி வந்த களைப்பு இன்னும் அவருக்கு அடங்கவில்லை. அண்டா சுரண்டிய நான்கே நாளில் இப்படி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுக்கு அந்த இழுப்பு ஒவ்வொன்றும் கேட்டது.

"எங்க கொட்டகையில இல்ல மேடம்" என்றாள்.

"ஏய்!" என்றார் அவர்.

"ஆஸ்பத்திரியிலதான். அவங்க கெட்ட எண்ணத்துல செய்யல. வாசனை இல்லேன்னா துடைக்கலைன்னு நர்ஸ் திட்டறாங்கன்னு செஞ்சாங்க. வாசனை இல்லாததுதான் நல்லதுன்னு துடைக்கறவங்களுக்கும் நர்ஸுக்கும் யாராவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இது நடந்தே இருக்காது. அதையும் எழுதிக்கோங்க."

அதிகாரியின் முகம் சிவந்தது. "எழுதிக்கறேன். சொல்லியிருக்கணும், சொல்லல" என்றாள். பிறகு, "ஆனா பெயர் வேணும்மா" என்றாள்.

அவர் எழுந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு ஒத்துழைக்கவில்லை. பாதி வாக்கியத்தைச் சொல்லி முடிக்க இந்தத் தடவை அவள் உதவவில்லை. தாளில், முத்து முத்தான கையெழுத்தில், பெயரை எழுதினாள்.

திரும்பும்போது அவர் பத்தடி முன்னால் நடந்தார். தெருவெல்லாம் சேறு. பழக்கடை முனையில் நின்று, அவள் வந்து சேரும்வரை காத்திருந்தார்.

"என் அக்காடி அவ."

"தெரியும்."

"என் தலை மேல கை வச்சு சத்தியம் பண்ணிருக்கா."

"அவங்க பண்ணினாங்க. நான் பண்ணல. என்னை நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல."

"என் மூச்சுக்கு அவ கழுத்தை விலையாக் குடுத்துட்ட."

"ஆமா" என்றாள் அவள். "குடுத்தேன்."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் பேசவில்லை. அண்டாவை மட்டும் மறுபடியும் மூலைக்கு உருட்டினார். நகரசபை வண்டி நாலாம் நாளே வந்து மீந்த சரக்கை ஏற்றிக்கொண்டு போனது. ஒப்பந்தம் தொடரும் என்று ஒரு கடிதமும் வந்தது. அவர் அதைப் பிரிக்காமல் அலமாரியில் வைத்தார்.

பெரியக்காவை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இருபதாம் நாள் வேலையிலிருந்து எடுத்தார்கள். அன்று அவள் மத்தியானமே வந்துவிட்டாள். அவர் சோப்புக்கு எண்ணெய் வாங்கப் போயிருந்தார். ஒரு பையில் ரப்பர் பூட்ஸும் மாற்றுப் புடவையும் சின்னக் கண்ணாடியும் இருந்தன. முப்பத்தோரு வருஷத்தில் அவள் அங்கே சேர்த்தது அவ்வளவுதான். பையைச் சமையலறை வாசலில் வைத்துவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாளைக் காட்டினாங்க" என்றாள். "கையெழுத்தைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. ஊருக்கே தெரிஞ்ச கையெழுத்து."

லேபிளம்மா காய் நறுக்குவதை நிறுத்தினாள். "ஆமா அண்ணி. நான்தான்."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"இல்ல. தன் மேலதான் போட்டுக்கிட்டார். தடுத்தார். நான்தான் கேக்கல."

பெரியக்கா நீளமாக மூச்சை விட்டாள். "நல்லவேளை. அவன் சொல்லியிருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்." முழங்காலைத் தாங்கிக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள். "மறுபடி அந்த அண்டாப் புகைக்குள்ள போய் நிப்பான். அதை நெனைச்சுத்தானே சொன்ன?"

"ஆமா."

"நான் அதை நெனைக்கவே இல்ல பாரு. அவன் போட்டுக்கறேன்னதும் சரின்னுட்டேன்." பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உன் இடத்துல இருந்தா நானும் சொல்லியிருப்பேன். அதுக்காக உன்னை மன்னிச்சிடுவேன்னு நெனைக்காத."

"நெனைக்கல அண்ணி."

"இவ எங்கயாவது போய்த் தொலைவான்னும் நெனைக்காத. போக மாட்டேன். இங்கதான் இருப்பேன். மூணு வேளையும் என் மூஞ்சியப் பாத்துத்தான் நீ சோறு போடணும்."

"சரி" என்றாள் லேபிளம்மா.

பகல் சாப்பாட்டுக்கு அந்த வீட்டில் எப்போதும் இரண்டு பேர்தான். அவள் எழுந்து, அரிசிப் பானைக்குள் கையை விட்டு, இன்னொரு பிடி அரிசியை அள்ளிக் களைந்து உலையில் போட்டாள்.